கருவிக்கு வக்காலத்து வாங்குவோருக்கு

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், விக்டோரியா அவென்யூப் பக்கத்து இறைச்சிக் கடைகளில் சனிக்கிழமை காலை நின்று பார்த்தால் யார் எதைக் கேட்கிறார்கள் என்பது தெரியும். பிலிப்பினோ குடும்பங்கள் தோலோடும் கொழுப்போடும் வயிற்றுப் பகுதியைக் கேட்கின்றன. வியட்நாமியர் காலையும் குளம்பையும் பார்த்துப் பொறுக்குகிறார்கள். பன்றி சாப்பிடுகிற நம்மவர்கள் தோள்பட்டைத் துண்டைக் காட்டி, "கொஞ்சம் கொழுப்பு இருக்கட்டும், இல்லாட்டில் கறி சக்கையாப் போயிடும்" என்கிறார்கள். ஆனால் அந்தப் பன்றிக்கு வெட்டுசாலையில் விலை வைத்தபோது இந்த ஆசைகளில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கூர்முனை போய்வந்த நொடியில் கிடைத்த இரண்டு எண்கள் விலையை முடிவு செய்தன.

அந்த எண்களைப் பற்றி ஒரு கருத்து இங்கே கேள்வி கேட்பாரின்றி நடமாடுகிறது. பண்ணைத் தொழிலைத் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். பண்ணையைக் கண்ணாலும் காணாமல் கணினியில் தரவோடு பிழைக்கிற நம் இளைஞர்களும் சொல்கிறார்கள். "மனிதன் பொய் சொல்வான், கருவி சொல்லாது. ஒரு கருவியை இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒட்டுறவுக் கெழு 0.9க்கு மேல். ஆகவே இரண்டும் ஒன்றுதான். விவசாயி முணுமுணுப்பது அவன் பிறவிக் குணம்." முதல் வாக்கியம் பாதி சரி. மற்றதெல்லாம் பிழை. ஆபத்தான பிழையும்கூட. ஏனென்றால் ஒருவருடைய வருமானத்தில் யார் கை வைக்கிறார்கள் என்பதே தெரியாதபடி அது மறைத்துவிடுகிறது.

முதல் வாக்கியத்தின் சரியான பாதியை முதலில் ஒத்துக்கொள்கிறேன். கனடாவில் பன்றிகளுக்குத் தரம் பிரித்த பழைய முறை, கண்ணால் பார்த்து வகைப்படுத்துவது. தரகரின் கண், அதிகாரியின் கண், சில நேரம் வாங்குபவரின் கண். 1968இல் அதை விட்டுவிட்டு, வெட்டிய உடலின் எடையையும் முதுகுக் கொழுப்பின் தடிமனையும் வைத்து 100ஐ நடுவாகக் கொண்ட சுட்டெண் முறைக்கு வந்தார்கள். 1980களின் நடுவில் அளவுகோலும் போய் மின்னணு புரோப் வந்தது. அந்த வரலாற்றில் விவசாயிக்கு ஆதாயம் உண்டு. முகம் பார்த்துத் தரம் கொடுக்கும் காலத்துக்கு யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை. என் சண்டை கருவியோடு இல்லை. கருவி சொல்லாததையெல்லாம் அது சொன்னதாகச் சொல்கிற அதன் வக்கீல்களோடுதான்.

கருவி என்ன செய்கிறது? நடு முதுகுக் கோட்டிலிருந்து 7 சென்ரிமீற்றர் தள்ளி, பின்னாலிருந்து எண்ணினால் மூன்றாம் விலாவுக்கும் நான்காம் விலாவுக்கும் இடையில், வேலையாள் ஒருவர் புரோப்பைக் குத்துகிறார். முனையில் ஒரு சிறு விளக்கும் ஒளியை உணரும் கண்ணும் இருக்கின்றன. கொழுப்பு ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும், சதை குறைவாக. அந்த மாற்றம் எந்த ஆழத்தில் வந்தது என்பதுதான் அளவு. ஆக, கொழுப்பின் தடிமன் ஒன்று, அதற்குக் கீழே சதையின் தடிமன் ஒன்று, இரண்டும் மில்லிமீற்றரில். கருவியின் வேலை இத்தோடு முடிந்தது. "இந்த உடலில் 61 வீதம் சதை" என்று கருவி ஒருநாளும் அளக்கவில்லை. அதை ஒரு சமன்பாடு ஊகிக்கிறது. சமன்பாட்டை எழுதியவர்கள் மனிதர்கள். எப்போதோ, எங்கேயோ, சில நூறு பன்றிகளைக் கத்தியால் கூறுபோட்டு, அந்தக் கூறுகளுக்கும் இந்த இரண்டு தடிமன்களுக்கும் பொருந்துகிற கோடு ஒன்றைப் போட்டார்கள்.

அந்தக் கோட்டைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். டெஸ்ட்ரான் என்ற புரோப்புக்காகக் கனடாவில் 1990களில் வந்து, அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் வரை ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோளாகிக்கொண்டிருந்த சமன்பாடு இது: 68.1863இல் தொடங்கு, கொழுப்புத் தடிமனை 0.7833ஆல் பெருக்கிக் கழி. சதைத் தடிமனை 0.0689ஆல் பெருக்கிக் கூட்டு. கொழுப்பின் வர்க்கத்தை 0.0080ஆல் பெருக்கிக் கூட்டு. சதையின் வர்க்கத்தை 0.0002ஆல் பெருக்கிக் கழி. இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கி, 0.0006ஆல் பெருக்கிக் கூட்டு. பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குத்தான். கொழுப்பு 17 மில்லிமீற்றர், சதை 60 மில்லிமீற்றர் என்று போட்டால் 61.2 வருகிறது. சதையை 60இலிருந்து 70ஆக ஏற்றிப் பாருங்கள். விவசாயி இனத்தை மாற்றி, தீவனத்தை மாற்றி, வருடக்கணக்கில் பாடுபட்டு வளர்க்கிற 10 மில்லிமீற்றர் சதை அது. விடை 61.7. அரைப் புள்ளி ஏறியிருக்கிறது. இப்போது சதையைத் தொடாமல், கொழுப்பை 17இலிருந்து 16ஆக இறக்குங்கள். அதே அரைப் புள்ளி. பத்து மில்லிமீற்றர் சதையும் ஒரே ஒரு மில்லிமீற்றர் கொழுப்பும் இந்தச் சமன்பாட்டின் முன் சமம்!

ஆக, "சதை வீதம்" என்ற பெயரில் விவசாயிக்கு வருவது பெரும்பாலும் கொழுப்பின் கணக்குத்தான். சதைத் தடிமன் அந்தத் தாளில் ஏறக்குறைய அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. வேலையாளின் கை சற்றுச் சாய்ந்து, புரோப் செங்குத்தாகப் போகாமல் சரிவாகப் போனால், கொழுப்பு ஒரு மில்லிமீற்றர் கூடுதலாகத் தெரிவது பெரிய அதிசயம் இல்லை. முதுகுக் கொழுப்பு ஒரே பாளமாகவும் இருப்பதில்லை. அடுக்கடுக்காக இருக்கும், அடுக்குகளுக்கு நடுவே சவ்வு ஓடும். வெளிறிய சதை கொழுப்பைப் போல ஒளியைத் திருப்பி அனுப்பும். நொடிக்கணக்கில் ஓடும் சங்கிலியில், வியர்த்த கையோடு நிற்கிற ஒரு மனிதரின் மணிக்கட்டில் பத்து மில்லிமீற்றர் சதையின் கூலி தொங்குகிறது. கருவி பொய் சொல்லவில்லைதான். அதன் கையைப் பிடித்து எழுத வைப்பவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா?

இன்னொரு வேடிக்கையையும் விடமுடியவில்லை. அதே சமன்பாட்டில் சதையை 60இல் நிறுத்தி, கொழுப்பை ஏற்றிக்கொண்டே போங்கள். 47 மில்லிமீற்றர் வரை சதை வீதம் இறங்கி 54.1க்கு வரும். அதற்குப் பிறகு ஏறத் தொடங்கும். 60 மில்லிமீற்றர் கொழுப்புள்ள பன்றிக்கு 55.6 வீதம் சதை! அவ்வளவு கொழுத்த பன்றி இன்று கியூபெக்கில் வராது என்பார்கள். வராதுதான். ஆனால் ஒரு சமன்பாடு தான் பார்த்த பன்றிகளுக்கு வெளியே போனதும் எப்படிப் பிதற்றும் என்பதற்கு இது போதும். அது பார்த்த பன்றிகளுக்கும் இன்றைய பன்றிகளுக்கும் எவ்வளவு தூரம் என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

இனி, அந்தப் புகழ்பெற்ற 0.9.

ஊரில் நெல்லும் அரிசியும் கொத்தால் அளந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்காரர் கொத்தின் அடியில் தகடு ஒன்றை ஒட்டி, அரைச் சிரங்கை குறைவாக அளந்து கொடுக்கிறார். நேர்மையான கொத்தாலும் அவருடைய கொத்தாலும் பத்து மூட்டைகளை அளந்து, இரண்டு அளவுகளையும் ஒட்டுறவு பாருங்கள். 1 வரும். முழுசாக 1. பெரிய மூட்டை இரண்டிலும் பெரியது, சின்ன மூட்டை இரண்டிலும் சின்னது. ஒட்டுறவுக் கெழு கேட்கிற கேள்வி அவ்வளவுதான்: வரிசை ஒத்துப்போகிறதா, ஒன்று ஏறும்போது மற்றதும் அதற்கேற்ப ஏறுகிறதா? "இரண்டும் ஒரே அளவைச் சொல்கின்றனவா" என்று அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அதன் வாயால் பதில் சொல்ல வைப்பதைத்தான் நம் வக்கீல்கள் செய்கிறார்கள்.

பன்றிக்கு வருவோம். ஒரு கருவி ஐந்து உடல்களில் 14, 16, 18, 20, 22 மில்லிமீற்றர் கொழுப்பு என்கிறது. இன்னொன்று அதே ஐந்தில் 17, 19, 21, 23, 25 என்கிறது. ஒட்டுறவு 1. முதலாவது 17 என்று சொல்லும் உடலை இரண்டாவது 20 என்று சொல்லும்; மேலே சொன்ன சமன்பாட்டில், சதை 60 என்று வைத்தால், 17 என்ற அளவுக்கு 61.2, 20 என்ற அளவுக்கு 59.9. பன்றி ஒன்றுதான், வித்தியாசம் 1.3 புள்ளிகள். அந்த ஐந்துக்குள் ஓர் எலும்பும் தோலுமான பன்றியையும் ஒரு கொழுத்த பன்றியையும் சேர்த்துவிட்டால், கருவிகள் ஒன்றுக்கொன்று ஏறுமாறாகப் பேசினாலும் கெழு தானாக ஏறும். அளக்கப்படும் பொருள்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றனவோ அவ்வளவுக்குக் கெழு அழகாக வரும். ஒப்பீட்டு ஆய்வுகளுக்குப் பன்றிகளைத் தேர்ந்தெடுக்கும்போது மெலிந்தது, நடுத்தரம், கொழுத்தது என்று வேண்டுமென்றே பரப்பி எடுப்பது வழக்கம். சமன்பாடு கட்ட அது நல்ல வழி. ஆனால் அந்தப் பரப்பிலிருந்து வந்த கெழுவைக் காட்டி, அன்றாடம் ஒரே அச்சில் வார்த்தது போல வரும் பன்றிகளுக்கும் அதே பொருத்தம் உண்டு என்று சொல்வது வேறு காரியம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் புள்ளியியலாளர்கள் டக்ளஸ் ஆல்ட்மனும் மார்ட்டின் பிளாண்டும் 1983இலும், பிறகு 1986இல் லான்செட் மருத்துவ இதழிலும், இதை அக்குவேறு ஆணிவேறாக எழுதிவிட்டார்கள். இரண்டு அளவை முறைகளை ஒப்பிட வேண்டுமானால், ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டுக்குமான வித்தியாசத்தை எடு. அந்த வித்தியாசங்களின் சராசரியைப் பார். அவை எவ்வளவு சிதறுகின்றன என்று பார். அளவு பெரிதாகும்போது வித்தியாசமும் பெரிதாகிறதா என்று பார். இரத்த அழுத்தம் அளக்கும் கருவி முதல் மூச்சின் வேகம் அளக்கும் கருவி வரை மருத்துவ உலகம் இதை ஏற்றுக்கொண்டு நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இறைச்சிச் சாலையின் வாசலில் மட்டும் இன்னும் 0.9 போதுமாம்.

இங்கே எதிர்த்தரப்பிடம் உருப்படியான ஒரு பதில் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. "ஒரு கருவி மற்றதைவிட 3 மில்லிமீற்றர் கூட்டிக் காட்டினால் என்ன? ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சமன்பாடு இருக்கிறது. அந்த 3 மில்லிமீற்றரைச் சமன்பாடு விழுங்கிவிடும்." சரி. நிலையான வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஆனால் அதற்கு இரண்டு சமன்பாடுகளும் ஒரே பன்றிகளின் மேல், ஒரே காலத்தில், ஒரே ஆட்களின் கத்தியால் கட்டப்பட்டிருக்க வேண்டும்; அப்போதும் இன்று சங்கிலியில் தொங்கும் பன்றி, சமன்பாடு கட்டிய நாளில் தொங்கிய பன்றியைப் போலவே இருக்க வேண்டும். அப்படி இருக்கிறதா?

கனடாவில் 1990களின் தொடக்கத்தில் வெட்டிய உடல் 80 கிலோவை ஒட்டியிருந்தது. இன்று கியூபெக்கில் 100 கிலோவைத் தாண்டிப் போய்விட்டது. இனங்கள் மாறின, தீவனம் மாறியது. பெட்டையும் காயடித்த கிடாவும் ஒரே முதுகுக் கொழுப்புத் தடிமனைக் காட்டினாலும் உள்ளே ஒரே அளவு சதை வைத்திருப்பதில்லை. பொதுவாகப் பெட்டையிடம் சதை கொஞ்சம் கூடுதல். இரண்டுக்கும் ஒரே சமன்பாட்டைப் போட்டால் கிடாவைக் கூட்டியும் பெட்டையைக் குறைத்தும் சொல்லும். பியெத்ரேன் இன இரத்தம் கலந்த பன்றியின் பின்தொடை, அதன் முதுகைப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாத அளவுக்குத் திரண்டிருக்கும். முதுகை மட்டும் அளக்கிற புரோப்புக்கு அந்தத் தொடை கண்ணில் படாது. இவையெல்லாம் கருவியின் கோளாறு இல்லை. கருவியையும் சமன்பாட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒப்பீட்டின் கோளாறு.

இதைச் சரியான இடத்தில் கேட்டவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். மொன்றியலிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய லெனாக்ஸ்வில், ஷேர்புரூக் பக்கம், மத்திய அரசின் விவசாய ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய காந்திதோ பொமாரும் மார்செல் மார்க்கூவும் 2003இல் கனடிய விலங்கு அறிவியல் இதழில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். டெஸ்ட்ரான், ஹென்னெசி என்ற இரண்டு புரோப்புகளையும் அவர்கள் ஒப்பிட எடுத்துக்கொண்டது எந்த மட்டத்தில் என்பதைக் கவனியுங்கள்: அளவுகளிலிருந்து ஊகிக்கப்படும் சதை வீதமும், அதிலிருந்து வரும் தரச் சுட்டெண்ணும். மில்லிமீற்றரோடு அவர்கள் நிற்கவில்லை. விவசாயியின் காசு இருக்கிற இடம் வரை போனார்கள். ஒப்பீடு என்றால் அது.

காசைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பின் கடைசி அரண் அங்கேதான். "ஒரு பன்றியில் கூடும், இன்னொன்றில் குறையும். ஒரு லொறிப் பன்றிகளின் சராசரியில் எல்லாம் அடிபட்டுப் போகும்." தற்செயலான பிழைக்கு இது முழுக்கச் சரி. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு தர அளவை முறையை அனுமதிக்க வைத்திருக்கும் எல்லை, ஊகத்தின் பிழை 2.5 புள்ளிகளுக்குள் இருக்கவேண்டும் என்பது. அதையும் குறைந்தது 120 உடல்களைக் கூறுபோட்டுக் காட்டவேண்டும். தனிப் பன்றிக்கு 2.5 என்பது பெரிய தொகை. இருபதில் ஒன்று 5 புள்ளிகளுக்கு மேலும் தவறும். ஆனால் 200 பன்றிகளின் சராசரியில் அது 0.2க்கும் கீழே சுருங்கிவிடும். இதை நான் மறுக்கவில்லை.

ஒரு பக்கமாகச் சாய்ந்த பிழை மட்டும் சராசரியில் சுருங்காது. இருநூறு பன்றி என்ன, இரண்டு லட்சம் பன்றியானாலும் அப்படியே நிற்கும். ஒரு குறிப்பிட்ட இனத்தை, ஒரு குறிப்பிட்ட எடையில், ஒரே ஆலைக்கு அனுப்புகிற விவசாயி வாரம்தோறும் அந்தச் சாய்வின் ஒரே பக்கத்தில் நிற்கிறார். நாட்டின் மொத்தச் சராசரி பூச்சியம் என்று அவரிடம் சொல்வது, பக்கத்து ஊர்க்காரருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், கணக்குச் சரியாகிவிட்டது என்று சொல்வதுதான். விலை கொடுக்கும் அட்டவணையோ வழுக்கிச் செல்லும் சரிவாக இல்லை; படிக்கட்டு. எடைக்கு ஒரு பக்கம் கட்டங்கள், சதை வீதத்துக்கு ஒரு பக்கம் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தச் சுட்டெண். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 105 கிலோ உடல், கிலோவுக்கு 2 டொலர் அடிப்படை விலை, சுட்டெண் 112இலிருந்து 110க்கு ஒரு படி இறங்குகிறது என்று வைப்போம். ஒரு பன்றிக்கு 4 டொலர் 20 சதம் போய்விட்டது. வாரத்துக்கு 200 பன்றி அனுப்புகிறவருக்கு அது 840 டொலர். வருடத்துக்கு 43,000க்கு மேல். எல்லாப் பன்றியும் ஒரு படி இறங்காது. கட்டத்தின் விளிம்பில் நிற்பவைதான் விழும். நாலில் ஒன்று விழுந்தாலும் பத்தாயிரம் டொலருக்கு மேல். அரை மில்லிமீற்றரும் ஒரு மில்லிமீற்றரும் சில்லறை விஷயம் என்பவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அதிலும் கியூபெக்கில் விவசாயி வேறு கடை தேடிப் போகிற நிலையில் இல்லை. கனடாவில் அதிகமாகப் பன்றி வளர்க்கும் மாகாணம் இது. பெரிய வெட்டுசாலைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. வலே-ஜொன்க்‌ஷன் ஊரில் ஓலிமெல் நிறுவனத்தின் பெரிய சாலையும் 2023இல் மூடப்பட்டது. தராசு பிடிக்கவில்லை என்றால் அடுத்த தராசுக்குப் போ என்கிற சந்தை வாதம் இங்கே செல்லாது.

"சரி, புரோப் வேண்டாம். உண்மையான அளவோடு ஒப்பிடுவோம்" என்று ஒருவர் கேட்கலாம். எது உண்மை? கத்தியால் கூறுபோட்டுச் சதை, கொழுப்பு, எலும்பு என்று பிரித்து நிறுப்பதுதான் மூல அளவு என்று கைகாட்டுவார்கள். அரை உடலைக் கூறுபோட ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு முழு வேலைநாள் பிடிக்கும். இரண்டு தேர்ந்த கைகள் ஒரே உடலைக் கூறுபோட்டாலும் விடை அச்சாக ஒன்றாக வராது. தசைகளுக்கு இடையிலான கொழுப்பை எவ்வளவு சுரண்டுவது என்பது கையின் பழக்கம். இது போகட்டும். எதைச் சதை என்று எண்ணுவது என்பதையே சட்டம்தான் முடிவு செய்கிறது. ஐரோப்பாவில் தோள், முதுகு, பின்தொடை, வயிறு ஆகிய நான்கு பகுதிகளின் சதையோடு உள்முதுகுத் துண்டையும் சேர்த்து, முழு உடலின் எடையால் வகுத்து, 1.3ஆல் பெருக்கிச் சதை வீதம் என்றார்கள். 2006இல் விதியை மாற்றினார்கள்: வகுக்கும் எடை அந்தப் பகுதிகளின் எடை மட்டும், பெருக்கும் எண் 0.89. பன்றி மாறவில்லை, கத்தி மாறவில்லை. பிரஸ்ஸல்ஸில் ஒரு தாள் மாறியது, உண்மையும் மாறிவிட்டது.

கனடாவின் சதை வீதத்துக்கு வேறு வரையறை. அதனால்தான் பொமாரும் மார்க்கூவும் தங்கள் சகாவோடு சேர்ந்து இரட்டை ஆற்றல் எக்ஸ்ரே கருவியால் உடல்களை அளந்த ஆய்வில், கனடியச் சதை வீதம், ஐரோப்பியச் சதை வீதம் என்று இரண்டையும் தனித்தனியே ஊகிக்க வேண்டியிருந்தது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "டென்மார்க்கில் 60, இங்கே 61, நாங்கள் முன்னே" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் போடுகிறார்கள். இரண்டு வேறு வரையறைகளின் எண்களை ஒப்பிடுவதற்குப் புள்ளியியல் தேவையில்லை; வெட்கமின்மை போதும்.

ஸ்கான் வந்துவிட்டதே, கையின் பிழை ஒழிந்ததே என்பது அடுத்த வாதம். சி.டி. ஸ்கான் அருமையான சாதனம். கத்தி இல்லாமல் முழு உடலையும் துண்டு துண்டாகக் காட்டும், திரும்பத் திரும்ப அளந்தாலும் ஏறக்குறைய அதே விடையைத் தரும். அதிலும் எந்தச் சாம்பல் நிறம் வரை சதை, எதிலிருந்து கொழுப்பு என்று எல்லை போடுவது மனிதர். தோலின் அடர்த்தி சதையோடு குழம்பும். சதையும் கொழுப்பும் ஒரே புள்ளிக்குள் விழுந்தால் நடுவான நிறம் வரும். ஆட்டோஃபோம் போன்ற தானியங்கி அல்ட்ராசவுண்ட் கருவியில் வேலையாளின் மணிக்கட்டே இல்லை. 16 உணர்விகளின் மேல் உடல் இழுபட்டுப் போகும்போது ஆயிரக்கணக்கான புள்ளிகளில் அளவு எடுக்கிறது. அதுவும் கடைசியில் ஒரு சமன்பாட்டுக்குத்தான் அந்த ஆயிரங்களை ஊட்டுகிறது. புள்ளிகள் கூடினால் சமன்பாட்டுக்குப் பொருத்தம் கூடும். எந்தப் பன்றிகளின் மேல் கட்டப்பட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கும். விலை உயர்ந்த கருவி என்பதால் அது மூல அளவாகிவிடாது. அந்தக் கருவிகளை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கிய கையோடு விசாரணையை மூடிவிட வேண்டாம் என்கிறேன்.

இத்தனைக்கும் மேலே, சதை வீதம் என்பதே நல்ல இறைச்சியின் அளவு என்ற நினைப்பு இருக்கிறதே, அது மூத்த பிழை. மெலிந்த, சதை திரண்ட பன்றியை மட்டும் பொறுக்கிப் பெருக்கியதில் என்ன சேர்ந்து வந்தது என்பதைக் கனடாவின் அறிவியலே காட்டிக்கொடுத்தது. 1991இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் டேவிட் மக்லெனனின் ஆய்வுக்குழு, பதற்றம் தாங்காமல் விழுந்து சாகும் பன்றிகளிடம் ஒரே ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. அந்த மாற்றத்தைச் சுமந்த பன்றிகள் சதைப்பற்றானவை, தரச் சுட்டெண்ணில் நன்றாகத் தேறுபவை. அவற்றின் இறைச்சியோ வெளிறி, தொளதொளத்து, நீர் விடும். சுட்டெண் பல ஆண்டுகளாக அந்தக் குறைக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தது. புரோப்பின் துல்லியம் கூடியிருந்தால் அந்தப் பரிசு இன்னும் துல்லியமாகப் போயிருக்கும், அவ்வளவுதான். இறைச்சியின் நிறம், அமிலத்தன்மை, நீர் கசிவு, சதைக்குள் ஊடிய கொழுப்பு, இவற்றில் ஒன்றும் அந்த இரண்டு தடிமன்களில் இல்லை. மிகவும் மெலிந்த பன்றியின் வயிறு மெல்லியதாகவும் கொழுப்பு இளகியதாகவும் இருப்பது பேக்கன் செய்பவர்களுக்குத் தெரிந்த தலைவலி. விக்டோரியா அவென்யூவில் தடித்த வயிற்றுத் துண்டுக்காகக் காத்து நிற்பவர்களும், கறி சக்கையாகக் கூடாது என்கிற நம்மவர்களும் கேட்பது, சுட்டெண் தண்டிக்கிற பொருளைத்தான்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. அங்கே வெண்பன்றி வளர்ப்பு பரவிவருகிறது; விற்பனை பெரும்பாலும் உயிர் எடைக்கு. இந்தியாவில் ஆய்வு மாணவர்கள் முதல் விலா, கடைசி விலா, கடைசி இடுப்பு முள்ளெலும்பு ஆகிய மூன்று இடங்களில் அளவுகோலால் முதுகுக் கொழுப்பை அளந்து சராசரி எடுக்கிறார்கள். முதுகுத் தசையின் வெட்டுமுகத்தைத் தாளில் வரைந்து பரப்பைக் கணக்கிடுகிறார்கள். பழைய முறை என்று யாராவது முகம் சுளித்தால் கவலைப்பட வேண்டாம். மூன்று இடத்தில் அளந்த அளவுகோல், எந்தப் பன்றியின் மேல் கட்டப்பட்டது என்றே தெரியாத இறக்குமதிச் சமன்பாட்டைவிட நேர்மையானது. தான் அளந்ததை மட்டும் சொல்கிறது. கலப்பினப் பன்றியின் மேல் டேனியச் சமன்பாட்டையோ கனடியச் சமன்பாட்டையோ ஏற்றி "சதை வீதம்" என்று அச்சிட்டுக் கொடுக்கும் கருவி ஒருநாள் காட்டுப்பாக்கத்துக்கோ நாமக்கல்லுக்கோ விற்க வரும். விற்பவர் கையில் 0.9 இருக்கும். அன்றைக்குக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, வித்தியாசங்களின் சராசரி என்ன, அவை எவ்வளவு சிதறுகின்றன, எங்கள் பன்றிகளில் எத்தனையைக் கூறுபோட்டுப் பார்த்தீர்கள் என்பதுதான்.

கியூபெக் விவசாயிகளின் அமைப்புகளும் இங்குள்ள விவசாயச் சந்தை வாரியமும் மேசையில் வைத்துப் பேசவேண்டியது அதிகம் இல்லை. ஒவ்வொரு தரச் சீட்டிலும் சதை வீதத்தோடு அதன் மூலமான இரண்டு மில்லிமீற்றர்களும், கருவியின் பெயரும், சமன்பாடு எந்த ஆண்டு எந்த எடைப் பன்றிகளின் மேல் கட்டப்பட்டது என்பதும் அச்சாக வேண்டும். கருவியை மாற்றும் நாளில் பழையதும் புதியதும் ஒரே உடல்களில் அளந்த வித்தியாசங்களை, ஒட்டுறவுக் கெழுவாக இல்லாமல் சுட்டெண்ணாகவும் டொலராகவும் வெளியிட வேண்டும். ஆலைகளிடம் இந்தத் தரவு எல்லாம் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. அச்சிடுவதற்கு மை மட்டும்தான் செலவு.